வாதத்தில் விளைந்த வித்தை

தமிழ் வசனநூலின் வளர்ச்சியை ஆராய்வோர் சென்னைப் பட்டணத்தையும் அங்கிருந்த கல்விச் சங்கத்தையும் அச்சுக்கூடங்களையும் முன்னிறுத்திப் பேசுவது வழக்கம். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும், கல்வியையும் சமயத்தையும் பண்பாட்டையும் பொருளாகக் கொண்ட புலமை நூல்கள், சிறுவன் கையிலெடுக்கும் பாலபாடம் முதலாகப் பண்டிதர் ஆராயும் இலக்கணப் பதிப்பு ஈறாக, ஒரு சிறிய நிலப்பரப்பினுள்ளே, ஒரு மனிதரின் ஆயுட்காலத்துக்குள்ளே, ஒன்றையொன்று தூண்டி எழுந்த இடம் யாதென வினவினால், யாழ்ப்பாணக் குடாநாட்டையே சுட்ட வேண்டியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அந்நூல்களைப் பிறப்பித்த விசை எது? அமைதியான ஆராய்ச்சியும் அன்று, அரசரின் ஆதரவும் அன்று. கிறிஸ்தவப் பாதிரிமாருக்கும் சைவப் பெருமக்களுக்கும் இடையே மூண்ட வாதமே அது.

அந்த வாதம் தொடங்குமுன் அங்கிருந்த கல்வியின் நிலையைச் சிறிது நோக்குவோம். விஜயதசமியன்று ஏடு தொடக்கப்பெற்ற பிள்ளை, மணலில் விரலால் எழுதிப் பழகிப் பின்னர் ஓலையும் எழுத்தாணியும் கைக்கொள்வான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு, அந்தாதி என்று வரிசையாக அவன் கற்பன எல்லாம் மனனஞ் செய்தற்குரியன. பொருள் பிற்பாடு, ஆசிரியரின் வாய்மொழியால், அதுவும் பெறுதற்கு உரியவன் என்று அவர் கருதினால், விளக்கப்படும். நூல் என்பது பனையோலைக் கட்டாக ஒரு வீட்டுப் பரணிலோ கோயிலிலோ இருப்பது. அதைப் பெற விரும்புவோன் உடையவரை இரந்து வாங்கிப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே நூலின் நூறு பிரதிகள் ஒரே வகுப்பில் நூறு மாணாக்கர் கையில் இருப்பது என்பது அக்காலத்தார் கண்டறியாத காட்சி. கல்வி ஆழமாய் இருந்தது. ஆனால் அதன் வாயில் மிகக் குறுகியது.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வென்று வந்த ஒல்லாந்தரும், கோயிற்பற்றுகள்தோறும் தேவாலயத்தோடு பள்ளியையும் வைத்து நடத்தினர். பிள்ளைகளின் பெயரைப் பதிவதும், ஞானோபதேசத்தை ஒப்பிக்கச் செய்வதுமே அப்பள்ளிகளின் பெருந்தொழிலாக இருந்தன. ஆட்சியாளரின் சமயத்தைத் தழுவியவருக்கே உத்தியோகம் என்றிருந்தமையால் வெளியே கிறிஸ்தவராயும் வீட்டிற்குள் சைவராயும் வாழ்ந்த குடும்பங்கள் பல. ஆங்கிலேயர் ஆட்சி வந்து, அக்கட்டாயம் நீங்கியவுடனே இடிந்த கோயில்கள் எழுந்தன. ஒல்லாந்தர் கண்ட திருச்சபை பெரும்பாலும் கலைந்துபோயிற்று. ஆணையினால் பெற்ற மதம் ஆணை நீங்கியதும் நீங்கிற்று என்னும் இப்பாடத்தைப் பின்வந்த மிஷனரிமார் நன்கு உணர்ந்திருந்தனர். ஆகவே அவர்கள் புத்தகத்தை நாடினர்.

1814இல் வெஸ்லியன் சங்கத்தாரும், 1816இல் அமெரிக்க மிஷனரிமாரும், 1818இல் இங்கிலாந்துத் திருச்சபைச் சங்கத்தாரும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். இம்மூவருள் அமெரிக்கரின் நிலை விசித்திரமானது. ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்கள் அந்நியர். கொழும்பிலோ கண்டியிலோ இடம் பெறுதல் எளிதன்று. ஒல்லாந்தர் விட்டுப்போன பழந்தேவாலயங்கள் பாழாய்க் கிடந்த தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய ஊர்களே அவர்களுக்குக் கிடைத்தன. 1820இல் அவர்களுக்கென்று அச்சு வேலை தெரிந்த ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்தபோது, தேசாதிபதி பார்ன்ஸ் அவரைத் தீவில் தங்க அனுமதியாது திருப்பி அனுப்பிவிட்டார். அச்சியந்திரம் மாத்திரம் நல்லூரிலிருந்த இங்கிலாந்துச் சங்கத்தார் வசமாயிற்று. அத்தடை அகன்று, 1834இல் மைனர் என்னும் அச்சாளர் வந்த பின்னரே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் முழு வேகத்தோடு தொழிற்படத் தொடங்கியது.

அதற்கு முன்பே, 1823இல், வட்டுக்கோட்டையில் அவர்கள் ஒரு உயர்தரக் கலாசாலையை நிறுவியிருந்தனர். வட்டுக்கோட்டைச் செமினரி என்று வழங்கிய இவ்வித்தியாலயத்தின் முதல் அதிபர் டானியல் பூவர். அடுத்த ஆண்டில் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப்பள்ளி தோன்றிற்று. பெண்மக்கள் எழுத்தறிதல் மரியாதைக் குறைவு என்று எண்ணிய சமூகத்தில் அது செய்த மாறுதல் தனி வரலாறாக எழுதத்தக்கது. செமினரியில் தமிழும் ஆங்கிலமும் மாத்திரமன்றிக் கணிதம், வானசாஸ்திரம், பௌதிகம், தர்க்கம் ஆகியனவும் பயிற்றப்பட்டன. மாணாக்கரின் உணவுக்கும் உடைக்கும் அமெரிக்காவிலுள்ள உபகாரிகள் பொருள் அனுப்பினர். அவ்வுபகாரிகள் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. யாழ்ப்பாணத்துப் புலவர் சிலரின் பெயருக்கு முன்னே கறல் என்றும் ஆர்னல்ட் என்றும் அந்நியப் பெயர்கள் நிற்பதற்கு இதுவே காரணம்.

சமய வாதம் வித்தையைத் தூண்டிய வகைக்கு 1829ஆம் ஆண்டுச் சந்திரகிரகணம் நல்ல எடுத்துக்காட்டு. வட்டுக்கோட்டையில் தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாங்கம் கணித்துவந்த மரபைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்புக்கும், பூவர் தம் மாணாக்கர்க்குப் பயிற்றிய ஐரோப்பிய முறையால் பெற்ற கணிப்புக்கும் அக்கிரகணத்தின் தொடக்கத்திலும் கால அளவிலும் வேறுபாடு தோன்றியது. ஊரார் பலரும் ஆவலோடு காத்திருந்து வானத்தை நோக்கிய அவ்விரவில் செமினரியின் கணக்கே சரியாயிற்று. பஞ்சாங்கத்தை வென்றால் அதைச் சார்ந்த சமய நம்பிக்கையும் தானே தளர்ந்துவிடும் என்று பாதிரிமார் எதிர்பார்த்தனர். அவ்விதம் நிகழவில்லை, மக்கள் கணிதத்தை ஒப்புக்கொண்டனர், தம் சமயத்தை விட்டாரல்லர். ஆனால் இம்முயற்சியால் விளைந்த வேறொரு பயனைப் பாதிரிமாரே எதிர்பார்த்திருக்க முடியாது. எதிராளியின் சாஸ்திரத்தை மறுக்க வேண்டுமாயின் அதை முற்றக் கற்றாக வேண்டும் என்னும் நிர்ப்பந்தம் அவர்களுக்கு ஏற்பட்டது. பூவருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்டன், தமிழில் வழங்கிய சோதிட கணித நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் 1848இல் அச்சிட்டார். பின்னர் சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை ஆகிய சித்தாந்த நூல்களை ஆங்கிலப்படுத்தி 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை மேலைநாட்டுப் புலவருலகம் அறிந்தது, அதை வெல்ல வந்த ஒருவரின் கையாலேயாம்.

மானிப்பாய் அச்சுக்கூடத்தின் பெரும்பணி அகராதி. நைட் என்னும் பாதிரியார் தொடங்கிய சொற்றொகுப்பைப் பின்வந்தோர் வளர்க்க, உள்ளூர்ப் பண்டிதராகிய சந்திரசேகரர் அரிதின் உழைக்க, 58,500 சொற்கள் கொண்ட தமிழகராதி 1842இல் வெளிப்போந்தது. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் இது வழங்கும். மனனஞ் செய்வதற்கான செய்யுள் நிகண்டுகளில் அடங்கியிருந்த சொற்செல்வத்தை, தேடியவன் தேடிய மாத்திரத்தில் காணும்படி அகர வரிசையில் வைத்தமை, கற்பவரின் ஞாபகசக்தியிலிருந்து நூலின் பக்கத்துக்குப் புலமையை இடம் மாற்றிய செயலாகும். அதே சொற்றொகுப்பின் தொடர்ச்சியாக வின்சுலோ என்னும் பாதிரியார் சென்னையில் 1862இல் வெளியிட்ட தமிழ்–ஆங்கிலப் பேரகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. இதற்கிடையே 1841இல் செமினரியில் பயின்ற ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரையும் ஆசிரியராகக் கொண்டு ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை தமிழும் ஆங்கிலமுமாய் வெளிவரலாயிற்று. சமயம், விஞ்ஞானம், ஊர்ச்செய்தி, இலக்கியச் சர்ச்சை யாவும் அதில் இடம்பெற்றன. மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும் எழுதிப் பழகிய யாழ்ப்பாணத்தாருக்கு அப்பத்திரிகை ஒரு வசனப் பயிற்சிக் களமாயிற்று.

இங்ஙனம் ஒரு சாரார் அச்சும் பள்ளியும் பத்திரிகையும் கொண்டு நிற்க, மறுசாரார் ஏடும் மனனமுமாய் நெடுங்காலம் நிற்றல் இயலாது. அந்நிலையை மாற்றியவர், 1822 டிசம்பர் 18ஆம் தேதி நல்லூரில் பிறந்த ஆறுமுகம்பிள்ளை. வெஸ்லியன் பாதிரியாராகிய பீட்டர் பெர்சிவலின் பள்ளியில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகி, அவர் மேற்கொண்ட விவிலிய மொழிபெயர்ப்புக்குப் பல ஆண்டுகள் துணைநின்றவர் அவர். ஒரு சைவ இளைஞர் கிறிஸ்தவ வேதத்தை வரிவரியாகத் தமிழ் வசனத்தில் அமைத்த அவ்வாண்டுகளை அவருடைய வாழ்வின் முரண்பாடாகக் கருதுவோர் உளர். எமக்கு அவை அவருடைய பயிற்சிக்காலமாகவே தோன்றுகின்றன. கூட்டமாக அமர்ந்தோர்க்குத் தெளிவாக உரைப்பது, பாடங்களை நிரல்படுத்துவது, வினாவிடையாகச் சமயத்தைச் சுருக்குவது, ஒரு நூலை ஆயிரம் பிரதிகளாக்கி ஊர்தோறும் பரப்புவது ஆகிய கருவிகள் யாவற்றையும் அவர் அங்கே கண்டார். அவற்றின் வலிமையையும் கண்டார்.

1847ஆம் ஆண்டின் இறுதி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் அவர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலை அங்கேயே திறக்கப்பட்டது. பள்ளி தோன்றியதும் பாடப்புத்தகமின்மை என்னும் குறை எதிர்ப்பட்டது. 1849இல் அவர் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கினார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவருடைய பிரசங்கத் திறமையை வியந்து அளித்த பட்டமே ‘நாவலர்’ என்பது. இந்தியாவில் 1835ஆம் ஆண்டின் சட்டம் அச்சுத்தொழிலின்மேலிருந்த தடைகளைத் தளர்த்தியதால், சென்னையில் தமிழ்ப் புலவரே அச்சுக்கூடம் நடத்தும் வழக்கம் அதற்குள் வேரூன்றியிருந்தது. அந்த உபகாரம் கடல் கடந்து வண்ணார்பண்ணைக்கும் எட்டிற்று.

நாவலரின் அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்தவற்றை மூன்று வகையாகப் பகுக்கலாம். பாலபாடங்கள் முதல் வகை. எழுத்தும் சிறுவாக்கியமும் தொடங்கி, ஒழுக்கமும் உலகியலும் சைவாசாரமும் படிப்படியாக உயரும்படி அமைந்த இவை, மிஷன் பள்ளி வாசகங்களின் அமைப்பைக் கொண்டு அவற்றின் நோக்கத்தை எதிர்த்தவை. இரண்டாவது வகை வசனம். 1852இல் வெளியான பெரியபுராண வசனம், பாட்டும் உரையும் எட்டாத குடும்பத்தாரிடம் அறுபத்துமூவர் சரித்திரத்தைக் கொண்டு சேர்த்தது. 1854இல் வந்த ‘சைவதூஷண பரிகாரம்’ விவிலியத்தையே ஆதாரமாகக் காட்டி, யூதரின் ஆலய வழிபாட்டில் இருந்த கிரியைகளைச் சைவக் கிரியைகளோடு ஒப்பிட்டு வாதித்தது. அவ்வேதத்தை மொழிபெயர்க்க உதவிய கையே அதை எழுதிற்று என்பதை வாசகர் நினைவு கூர்க. மூன்றாவது வகை, பழைய இலக்கிய இலக்கணங்களின் பதிப்புகள். நன்னூல் விருத்தியுரை, இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவில் வந்த திருக்குறள் பரிமேலழகருரை முதலியவற்றைப் பிழையற அச்சிட்டு, பல பிரதிகளை ஒப்புநோக்கித் திருத்தும் ஒழுங்கைப் பதிப்புத் தொழிலுக்கு அவர் வகுத்தார். நிறுத்தக் குறிகளையும் சந்தி பிரித்த சொற்களையும் அவர் முறையாகக் கையாண்டமையால், வசனம் கண்ணால் படிக்கத்தக்க ஒன்றாயிற்று.

இவரைப் போற்றுமிடத்தே ஒரு குறையையும் சொல்லாதொழிவது நியாயமன்று. சாதியாசாரத்தை நாவலர் விட்டுக்கொடுத்தவர் அல்லர். அவருடைய சைவ வினாவிடையும் வித்தியாசாலையும் அவ்வாசாரத்தின் வரம்புக்குள்ளேயே இயங்கின. மிஷன் பள்ளிகளிலும் ஒன்றாக உண்பதும் ஒன்றாக இருப்பதும் பற்றிய பூசல்கள் ஓயவில்லை. அச்சு நூலுக்குச் சாதியில்லை என்பது மெய். ஆனால் அதை வாசிக்கக் கற்பிக்கும் பள்ளிக்குச் சாதி இருந்தது. குடாநாட்டின் வித்தை பெருகிய அளவுக்கு அதன் வாயில் அகலவில்லை என்பதை வரலாறு மறைத்தல் ஆகாது.

நாவலர் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில், மாசச்சூசெட்சு மாகாணத்தில் பிறந்த மற்றொருவரும் இவ்வரலாற்றில் பேரிடம் பெறுகிறார். டாக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, மறு ஆண்டிலேயே வைத்திய வகுப்பும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், அங்ஙனம் கற்றவர் கிராமத்தை விட்டு உத்தியோகம் தேடிச் செல்வதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்கு நூல்கள் வேண்டுமல்லவா? தம் மாணாக்கரைத் துணைக்கொண்டு ‘இரணவைத்தியம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’, ‘மனுஷ சுகரணம்’ முதலிய நூல்களை ஆக்கி வெளியிட்டார். ஒரு கருத்துக்குத் தமிழிலோ வடமொழியிலோ வழங்கும் சொல்லை முதலில் தேடி, கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைப்படுத்துவது அவர் கொண்ட விதி. 1873இல் உடல்நலங் கெட்டுத் தாய்நாடு திரும்பிய பின்னரும், 1884இல் காலமாகும் வரையில், மொழிபெயர்ப்புகளைத் திருத்தும் பணியை அவர் விடவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை அவர் உருவாக்கினார். உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழில் போதிக்க இயலுமா என்று பிற்காலத்தார் மேடையேறிப் பல்லாண்டு தர்க்கித்தனர். மானிப்பாயிலோ அது நடந்து முடிந்த காரியம்.

செமினரிக்கு மாத்திரம் முடிவு விரைவில் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வுக்குழுவினர், அங்கே பயின்றோர் ஆங்கிலத்தை உத்தியோகத்துக்கு ஏணியாகக் கொள்கின்றனரேயன்றிச் சுவிசேஷத் தொண்டுக்கு வருவதில்லை என்று கண்டு, 1855இல் அதை மூடச் செய்தனர். அவர்கள் கூறிய காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் அதன் மாணாக்கர் அடைந்த சிறப்பை அவர்கள் அளந்த கோலால் அளத்தல் கூடாது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகளாகிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையிலே பயின்றவர்கள். முன்னவர் ‘வீசகணிதம்’ என்னும் கணித நூலைத் தமிழில் எழுதியவர்; நாவலரின் பரிகாரத்தை மறுத்து ‘சுப்பிரதீபம்’ எழுதியவரும் அவரே; பின்னாளில் சைவத்துக்கே மீண்டு நாவலரை அடைந்தவரும் அவரே. ஒரு மனிதரின் வாழ்க்கையில் அக்காலத்து வாதம் முழுவதும் அடங்கிவிட்டது.

தாமோதரம்பிள்ளையின் பணி இன்னும் விரிவானது. நாவலரின் பரிசோதனையோடு தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை 1868இல் வெளியிட்ட அவர், வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887), சூளாமணி (1889) என்று ஒன்றன்பின் ஒன்றாக, பெயரளவில் மாத்திரம் அறியப்பட்ட நூல்களை ஏட்டிலிருந்து மீட்டார். செல்லரித்தும் ஒடிந்தும் அழியும் சுவடிகளுக்காக அவர் தம் பதிப்புரைகளில் வருந்தியுரைத்தவை தமிழ்ப் புலவரைத் தட்டியெழுப்பின. இவற்றுள் வீரசோழியம் பௌத்தச் சார்பினது. சூளாமணி சமண காவியம். சமய வாதத்தின் நடுவே வளர்ந்த ஒருவர் சமய பேதம் பாராமல் தமிழ் நூல் அனைத்தையும் தம் பொறுப்பென ஏற்றமை, அவ்வாதம் எய்திய முதிர்ச்சியைக் காட்டுகிறது. செமினரியின் மற்றொரு மாணாக்கராகிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கிறிஸ்தவராயிருந்தும், எல்லாச் சமயப் புலவரின் வரலாற்றையும் தொகுத்து ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் நூலை 1886இல் வெளியிட்டது இதற்கு ஒத்த செயலே.

நாவலர் 1879இல் மறைந்தார். 1888இல் சைவ பரிபாலன சபை தோன்றி, மறு ஆண்டில் ‘இந்து சாதனம்’ பத்திரிகையையும், 1890இல் இந்துக் கல்லூரியையும் நிலைநாட்டியது. அமெரிக்க மிஷனாரும் 1872இலேயே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியைத் திறந்திருந்தனர். ஆனால் இரு சாராரின் கல்லூரியிலும் ஆங்கிலமே போதனாமொழி. உத்தியோகத்துக்கு வாயில் ஆங்கிலம் என்றானபின், பெற்றோர் வேண்டியதும் அதுவே; கிறீனின் வைத்திய நூல்களும் விசுவநாதபிள்ளையின் கணித நூலும் கற்பாரின்றி அலமாரியில் அடங்கின. வாதத்தில் எவர் வென்றார் என்று கேட்பவருக்கு, இருவருமே ஓரளவு தோற்றனர், வென்றது பரீட்சை என்று விடையிறுக்கலாம்.

எனினும் அவ்வாதம் விட்டுச்சென்ற பொருள் சிறிதன்று. எதிராளியின் நூலை முற்றக் கற்றபின் மறுத்தல், பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிதல், கற்றோர்க்கேயன்றிக் கல்லாதார்க்கும் விளங்க எழுதுதல், உயர்ந்த சாஸ்திரத்தையும் தாய்மொழியில் போதித்தல் ஆகிய நான்கும் அதன் விளைவுகள். தமிழ் உரைநடையின் சரித்திரத்தைக் கற்பிக்கும் நம் கலாசாலைகள் நாவலரை ஓரளவு நினைக்கின்றன. ஹொய்சிங்டனையும் கிறீனையும் கறல் விசுவநாதபிள்ளையையும் பெரும்பாலும் மறந்துவிட்டன. அவர்கள் நூல்களைத் தேடியெடுத்து, நல்ல முன்னுரையோடு மறுபதிப்புச் செய்து, கல்வி வரலாறும் சமய வரலாறும் பயிலும் மாணாக்கர் கையில் கொடுப்பது தமிழ்ப் பல்கலைக்கழகங்களின் கடமை. வாதம் தணிந்துவிட்ட இக்காலத்தில், இரு பக்கத்து நூல்களையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் நடுநிலை நமக்கு வாய்த்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாதிருப்பது நம் சோம்பலன்றி வேறில்லை.